மூன்றே மைல்

மே மாதம். பனிமேல் கல்லைச் சறுக்கவிட்டு கர்லிங் ஆடும் கொட்டகையில் பனித்தளம் உருகிப்போய், வெறும் சிமெண்ட் தரையில் நாற்காலிகள் கிடக்கின்றன. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில், சுவரில் மாட்டிய தொகுதி வரைபடத்தில் வட்டமாக நிற்கிறது. அதில் ஒரு சிவப்புக் கோடு பிராம்லி தொகுதியை இரண்டாக அறுக்கிறது. ஒலிவாங்கியின் முன் நிற்கும் ஒரிஸ்யாவுக்கு இடுப்புக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறது.

"உக்காருங்கம்மா," என்கிறார் மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து வந்திருக்கும் தொகுதி எல்லை ஆணையத் தலைவர்.

"வேணாம். தொள்ளாயிரத்துப் பன்னெண்டுல தொகுதின்னு ஒண்ணு குடுத்தீங்க. முப்பத்தெட்டுல வடக்கை வெட்டுனீங்க. எழுபத்தஞ்சுல பேரையே எடுத்தீங்க, கத்திக் கத்தித் திரும்ப வாங்குனோம். இப்ப எங்க எண்பது குடும்பத்தையும் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளுறீங்க. எங்க போய் ஓட்டுப் போடுறது?"

"இதே கொட்டகையிலதாம்மா. உங்க ஊர்லேருந்து இந்த ரோட்டுல வந்தா மூணே மைல்." அவர் பேனா சிவப்புக் கோட்டை ஒட்டிப் போகும் ரோட்டின் மேல் ஓடுகிறது.

"வாத்துக்கு மூணு மைல்தான்!" என்று பின்வரிசையிலிருந்து மெல்வின் கத்துகிறான். கொட்டகையே சிரிக்கிறது. நில அளவைக்காரர்கள் அந்தக் காலத்தில் காகிதத்தில் மட்டும் போட்ட பாதை அது. அதன்மேல் ஒரு வண்டியும் ஓடியதில்லை, ஏரிதான் கிடக்கிறது. ஒரிஸ்யா சிரிக்கவில்லை. அவள் காலடியில் தேங்கிய தண்ணீர் மெல்ல நகர்ந்து தலைவரின் தோல் காலணியைத் தொடுகிறது.

"இப்படி நனைஞ்சிருக்கீங்களே, எந்த வழியா வந்தீங்க?"

"நீங்க சொன்ன ரோட்டுலதான். இருங்க, திரும்பிப் போறப்ப உங்களையும் கூட்டிட்டுப் போறேன்."