வேண்டாவின் வெள்ளி ரூபாய்

தங்கை வீட்டுச் சாமி அலமாரி முன்னால் வேண்டா கண்களை மூடி, கைகூப்பி நின்றாள். "அக்காவுக்கு எப்பலேந்து இவ்ளோ பக்தி?" என்று சிரித்துக்கொண்டே ஜெயப்பிரியா காபி போட உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் வேண்டாவின் கண்கள் திறந்துகொண்டன. அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அதற்குள் இருப்பது அப்பா ஜெயப்பிரியாவுக்குக் கொடுத்த வெள்ளி ரூபாய். வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்துக் கும்பிடும் காசு. சற்று முன்புதான் தங்கை அதைக் காட்டிவிட்டு முடிந்து வைத்தாள். அந்தப் பளபளப்பைப் பார்த்ததிலிருந்து வேண்டாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

எரியாதா பின்னே? மூன்றாவதும் பெண் என்ற கடுப்பில் அவளுக்கு வேண்டா என்று பேர் வைத்தவர் அப்பா. நான்காவதும் பெண்தான். ஆனால் அதற்குள் மனசு ஆறிப்போய், ஜெயப்பிரியா என்று அழகாகப் பேர் தேடி வைத்தார். வேண்டாவுக்கு அச்சரப்பாக்கத்தில் வேன் ஓட்டும் புருஷன். இவளுக்குக் கல்பாக்கத்தில் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை, செங்கல்பட்டில் மாடி வீடு.

காசில்கூடவா ஓரவஞ்சனை? மூத்த இருவரைக் கட்டிக்கொடுத்ததிலேயே கை காலியாகிவிட, கடைசி இரண்டு பேருக்கும் அப்பா ஒதுக்கியது ஆளுக்கொரு பழைய வெள்ளி ரூபாய். இரண்டும் ஒரே வருஷத்துக் காசு. வேண்டாவின் கல்யாணத்துக்கு அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டும், அவள் சீரில் வெள்ளி என்று இருந்ததையெல்லாம் விபூதி போட்டும் ஒன்று விடாமல் தேய்த்து மினுக்கினாள். புகுந்த வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தால், காசு அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. பெட்டியின் அடியில் எறிந்தவள், அப்புறம் அதைத் தொடவேயில்லை.

போன வாரம் ஜெயப்பிரியாவே போன் செய்தாள். "அக்கா, நம்ம காசு ரொம்ப அபூர்வமானதாம். பேங்க்ல போட்டாலும், தங்கமா வாங்கி வெச்சாலும் இவ்ளோ ஏறாதுன்னு இவரு சொல்றாரு. பழைய காசு வாங்குற ஒருத்தர் மகாபலிபுரத்துல ஓட்டல்ல வந்து தங்கறாராம். ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம், வா."

வேண்டாவின் புருஷன் ஜானகிராமனின் வேன், இஞ்சின் போய் ஒர்க்ஷாப்பில் நின்றது. அதை ஓட வைக்க இந்தக் காசை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் இந்தக் கரிக்கட்டையை எவன் வாங்குவான்?

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. வேண்டா சட்டென்று மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளையை எடுத்துத் தன் பர்ஸில் போட்டாள், அதிலிருந்த தன் கறுப்பை வைத்து முடிந்தாள். ஜெயப்பிரியா காபியோடு வந்தபோது மறுபடி கண்களை மூடி நின்றாள்.

ஓட்டல் அறையில் காசு வாங்கும் சுப்புராமன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேண்டா முந்திக்கொண்டு தன் காசை நீட்டினாள். அதைப் பார்த்ததும் ஜெயப்பிரியாவின் முகம் மாறியது. கையிலிருந்த மஞ்சள் முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"யாரும்மா இதைத் தேச்சது?"

"நான்தான் சார். நேத்து நல்லா பளபளன்னு தேச்சிக்கினு வந்தேன்."

"ஒரு நாள் தேச்சதில்லம்மா இது. வருஷக்கணக்கா தேச்சிருக்கீங்க. முகமே மழுங்கிப் போச்சு. இதை யாரும் சீந்த மாட்டாங்க. வெள்ளி எடைக்கு ஆயிரம் ரூபா தரலாம்."

ஜெயப்பிரியா மெதுவாக மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள். கறுத்த காசைப் பார்த்ததும் சுப்புராமன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இதும்மா காசு! அச்சடிச்சு வெளிய வந்தப்ப இருந்த மாதிரியே ஒரு கீறல் இல்லாம இருக்கு. முப்பத்தஞ்சாயிரம் தரேன்."

"ரெண்டும் ஒரே வருஷந்தானே சார்?" என்றாள் வேண்டா.

"பழசா இருந்தா மட்டும் விலை ஏறாதும்மா. யாரும் கை வைக்காம விட்டிருக்கணும்."

வாயை மூடிக்கொண்டால் வேன் போச்சு. வாயைத் திறந்தால் மானம் போச்சு. சுப்புராமன் பணத்தை எடுக்கப் பெட்டியைத் திறந்ததும் வேண்டாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஐயோ, அது என்னுது சார்! இவ காபி போடப் போன நேரத்துல நான்தான் மாத்திட்டேன்!" என்று கத்தியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னாடி பண்ணச் சொல்றே என்னை? பேரு உனக்கு நல்லது, வூடு உனக்கு நல்லது. காசுகூட நைனா எனக்குக் கரிக்கட்டையா பார்த்துக் குடுத்தாரே! அந்த வயித்தெரிச்சல்லதான்டி மாத்துனேன்."

ஜெயப்பிரியா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட வேண்டாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அக்காவின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"நைனா உனக்குக் குடுத்தது அந்தப் பளபள காசுதாங்க்கா. வயித்தெரிச்சல்ல, உன் கல்யாணத்தன்னிக்கே அதை மாத்துனது நானு!"