தகடு மாட்டிய ஜவுளிக்கடை

கடைவீதியில் ஒரு பழைய ஜவுளிக்கடை தன் சுண்ணாம்பு வளைவுகளைப் பளபளக்கும் தகட்டால் மறைத்துக்கொண்டு, ஒட்டுச்சுவர் மருந்துக்கடையை, "என்ன கிழவி, இன்னும் இடியலையா?" என்று தினமும் சீண்டும்.

ஒருநாள் சாலையை அகலப்படுத்த அதிகாரிகள் வந்தார்கள். நூறு வயதைத் தாண்டிய கட்டடங்களை மட்டும் விட்டுவிடுவார்களாம். மருந்துக்கடையின் மரத்தூண்களைத் தடவிப் பார்த்து, "இது இருக்கட்டும்" என்றார்கள்.

ஜவுளிக்கடைக்கு வியர்த்துவிட்டது. "அடியே, சுவரைக் கொஞ்சம் குலுக்கு! தகடு விழட்டும். நான் உன்னைவிட மூத்தவ!"

"குலுக்குறேன். முதல்ல வீதிக்கே கேக்குற மாதிரி என்னைத் 'தங்கச்சி'ன்னு கூப்பிடு."

எதிரே புத்தம்புது செல்போன் கடைகள் வேடிக்கை பார்த்தன. இடிப்பதற்கு அடையாளமிட அதிகாரி சிவப்பு பெயின்ட்டில் பிரஷ்ஷை முக்கினார்.

"மெதுவாக் கூப்பிட்டா ஆகாதாடி?" என்று கெஞ்சியது ஜவுளிக்கடை.