எந்திரிக்க மாட்டேன்

"ஏம்மா, முதலாளி மேல வந்துட்டிருக்காரு. எந்திரி."

"மாட்டேன் சார்."

சூப்பர்வைசருக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. மாட்டேனாமே. மொட்டைமாடி நடுவுல கயிறு மாட்டி வச்சிருக்கிற இரும்புச் சட்டம் என்ன இவங்க வீட்டு சோபாவா? அதோட ஒரு மூலையில சம்மணம் போட்டு ஜம்முனு உக்காந்திருக்கு இந்தம்மா. மடியில ஒரு வாளி, தளும்பத் தளும்ப சோப்புத் தண்ணி. பக்கத்துல செல்போன், ஸ்பீக்கர்ல.

போனோட அந்தப் பக்கம் இருக்கிறது அந்தம்மாவோட கொழுந்தன். கட்டடத்துக்கு வெளிய, ஒம்போதாவது மாடிக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு கயித்துல தொங்குறான். கயித்தோட மேல் முனையப் பாத்துக்கிறது இவங்க வேலை. கயித்துல தொங்குறவங்க அத்தனை பேருக்கும் இவங்க அண்ணிதான். இவங்களவிட மூத்த ஆளுங்ககூட அண்ணின்னுதான் கூப்பிடுவாங்க.

"வேலை நேரத்துல உக்காந்ததே தப்பு. இதுல வாளிய வேற மடியில வச்சுக் கொஞ்சிட்டிருக்க. பச்சப்புள்ளையா அது?"

"ஆமா சார். எறக்கி விட்டா அழும்."

"அண்ணி, யாரு அங்க கத்துறது?" போன்ல கொழுந்தன் குரல்.

"'பச்சப்புள்ளையா அது?'" அப்படின்னாங்க அண்ணி. அச்சு அசலா சூப்பர்வைசர் குரல். அவரோட மூக்கடைப்புகூட அப்படியே இருந்துச்சு.

கீழ தொங்குறவன் கெக்கெக்கேன்னு சிரிச்சான்.

"சிரிச்சது போதும் தம்பி. உன் பக்கத்துல பால்கனி இருக்குல்ல, உள்பக்கம் ஒரு கறையாம். மெதுவா ஏறிப் போய்த் தொடச்சிட்டு வா. குதிக்காத. குரங்குச் சேட்டை வேணாம்."

"உள்பக்கம் நம்ம வேலை இல்லையே அண்ணி."

"அண்ணி சொன்னா கேக்கணும்."

பாருங்க, உக்காந்த எடத்துலேர்ந்து உத்தரவு போடுது. சூப்பர்வைசர் பல்லக் கடிச்சாரு.

அதுக்குள்ள முதலாளி வந்துட்டாரு. சூப்பர்வைசர் ஓடிப் போய், பெரிய குடைக்கு அடியில போட்டு வச்சிருந்த நாற்காலியில அவர உக்கார வச்சாரு. மாடியில அடிச்ச காத்துக்கு சூப்பர்வைசரோட இருக்கிற நாலு முடியும் நாலு திசைக்குப் பறந்துச்சு. குடை ஆடல, அசையல.

"அந்தம்மாவுக்குக் காலு சரியில்லையா?" முதலாளி கேட்டாரு.

"காலு நல்லாத்தான் சார் இருக்கு. திமிரு."

"அப்ப ஏன் வேலையில வச்சிருக்க?"

இது போதாதா? சூப்பர்வைசர் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு வந்தாரு.

"இப்ப எந்திரிச்சா பொழச்ச. இல்லன்னா நாளையிலேர்ந்து நீயும் வேணாம், உன் கொழுந்தனும் வேணாம். இந்த ஊர்ல வேற எந்தக் கட்டடத்துலயும் கயிறு புடிக்க விட மாட்டேன்."

அண்ணி மொகத்துல இருந்த சிரிப்பு போயிடுச்சு. ஒரு வீடே இந்தக் கயித்த நம்பித்தான் சாப்பிடுது. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அந்த எடத்துல குத்துனாரு.

"சரி சார். நாளைக்கு வரல. இப்ப எந்திரிக்க மாட்டேன்."

"தூக்கி வெளிய போடவா?"

"கிட்ட வராதீங்க."

கத்தல. பக்கத்துல இருக்கிறவருக்கு மட்டும் கேக்குற மாதிரிதான் சொன்னாங்க. ஆனா அந்தக் குரலுக்கு சூப்பர்வைசர் காலு தானா நின்னுடுச்சு.

போன் கரகரன்னுச்சு. "அண்ணி, பால்கனிக்குள்ள வந்துட்டேன். கறையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கயித்துக் கொக்கியக் கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"கழட்டிட்டேன் அண்ணி. கையிலதான் வச்சிருக்கேன்."

அண்ணி ஒரு பெருமூச்சு விட்டாங்க. வாளியக் கீழ எறக்கி வச்சாங்க. தரையில கை ஊனி எந்திரிச்சாங்க. ரெண்டு காலும் மரத்துப்போயி நிக்க முடியாம தள்ளாடினாங்க.

அவங்க உக்காந்திருந்த மூலை காலியா இருந்துச்சு. மத்த மூணு மூலையிலயும் கனமான இரும்பு எடைங்க அடுக்கியிருந்துச்சு.

"மாடியில ஓட்டை போடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அதனால இந்தச் சட்டத்தையும் இது மேல இருக்கிற எடையையும் நம்பித்தான் ஆளு தொங்குறான்," அண்ணி முதலாளியப் பாத்துச் சொன்னாங்க. "சோப்புத் தண்ணி எடுக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள இந்த மூலையில இருந்த ரெண்டு எடையக் காணோம். சத்தம் போட்டா போன்ல அவனுக்குக் கேட்டுரும். பயத்துல ஒரு உதறு உதறினான்னா சட்டம் இழுத்துக்கிட்டுப் போயிரும். அதான் நானே எடையா உக்காந்துட்டேன். பத்தாதோன்னு பயந்து வாளியையும் வச்சுக்கிட்டேன்."

முதலாளி நாற்காலி நுனிக்கு நகந்தாரு. "எவன்டா அதத் தூக்கினது? கண்டுபிடிங்க. இன்னிக்கே வேலையிலேர்ந்து எடுங்க."

"நீங்க எடுங்க, எடுக்காம போங்க, அது உங்க பாடு சார்," அண்ணி இடுப்புல கைய வச்சாங்க. "தூக்கினவரு யாரா இருந்தாலும் அவரு கையாலயே கொண்டாந்து இங்க வைக்கணும். அது வரைக்கும் எங்க ஆளு ஒருத்தனும் கயித்துல எறங்க மாட்டான். நீங்களே வந்து சொன்னாலும் எறங்க மாட்டான்."

முதலாளி திரும்பி சூப்பர்வைசரப் பாத்தாரு.

சூப்பர்வைசர் மடிச்ச சட்டைக் கைய எறக்கி விட்டாரு. தயங்கித் தயங்கி முதலாளி பக்கத்துல போயி நின்னாரு.

"சார், நீங்க கொஞ்சம் எந்திரிங்க. குடைக்குக் கீழதான் வச்சிருக்கேன்."