ராகுகாலத்தில் பிறந்தவள்

லண்டன் ஹரோவில் பிறந்த இரட்டையரில் சாருகா மூத்தவள். அன்று புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்று அப்பா டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பதினொன்று ஐம்பத்தெட்டுக்கே அவளை வெளியே எடுக்க வைத்தார். தங்கை நிதுஷா குறுக்கே திரும்பிக் கிடந்ததால் பன்னிரண்டு மூன்றுக்குத்தான் வந்தாள்.

அப்பாவின் நிரந்தர வதிவிட உரிமை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அமுலுக்கு வந்தது. புதிய சட்டப்படி அந்த நிமிடத்துக்குப் பின் பிறந்த பிள்ளைக்குத்தான் பிரிட்டிஷ் குடியுரிமை. கணக்குப் பார்த்தது குடிவரவுத் துறையின் இயந்திரம். அதனிடம் கெஞ்சிப் பயனில்லை.

நிதுஷா குடிமகளானாள். சாருகாவுக்குப் பதினெட்டு வயதுவரை மட்டுமே நாட்டில் தங்க அனுமதி.

ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தை, அக்கா வருந்துவாளே என்று நிதுஷா ஒளித்துவைத்தாள். அது தெரியவந்தபோது, அந்த இரக்கம்தான் சாருகாவின் வயிற்றை இன்னும் எரித்தது.

அனுமதி முடிந்து, பெற்றோரின் ஊரான, கண்ணால் கண்டிராத யாழ்ப்பாணத்துக்கு அவள் புறப்படும் நாளும் புதன்கிழமையாகவே வாய்த்தது.

"பிள்ளை, பன்னிரண்டுக்கு முதல் வெளிக்கிடு. ராகுகாலம் வரப்போகுது," என்றாள் அம்மா, கையில் திருநீற்றோடு.

சாருகா வாசலில் பெட்டியின் மேல் அமர்ந்துகொண்டாள்.

"நீங்கள் பார்த்துத் தந்த நல்ல நேரம் எனக்குப் போதும் அம்மா. தங்கச்சியின்ர நேரத்திலையே நான் போறன்."

பெட்டியைத் தூக்க வந்த நிதுஷாவின் கையை அவள் தட்டிவிட்டாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு மூன்றைக் காட்டும்வரை எழும்பவேயில்லை.