கண்ணாடி எங்கே

"ராத்திரி என்னமோ அப்டேட்னு ஓடிச்சு தம்பி. காலையிலேருந்து எங்க வீட்டுக்காரர் வரல" என்றாள் அந்த அம்மாள்.

லேப்டாப் மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே போன மனுஷன் வீடு திரும்பவில்லை போலிருக்கிறது, நமக்கென்ன என்று திரையைத் திறந்தான். வைஃபை அடையாளம் இருந்த இடம் துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தது.

அப்டேட் வந்தால் அந்த வாரம் முழுக்க வீடு வீடாக அவனுக்கு இதே வைத்தியம்தான். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பழையபடி மாற்றினான். கையோடு கையாக நெட்வொர்க் ரீசெட்டையும் தட்டிவிட்டான்.

லேப்டாப் அணைந்து எழுந்தது. பட்டியலின் உச்சியில் ஒரு பெயர் வந்து நின்றது: 'கண்ணாடி எங்கே'.

"வந்துட்டார்" என்றாள் அவள்.

"யாரும்மா?"

அவள் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். அங்கே ஒரு புகைப்படம். அதன் முன்னால் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி.

"கண்ணாடியை மூக்கு மேல வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுவார். கண்ணாடி எங்கே, கண்ணாடி எங்கேன்னு. நான் கிண்டல் பண்றேன்னு வைஃபைக்கே அந்தப் பேரை வச்சார். போன வருஷம் தவறிட்டார்."

மெக்கானிக் 'உச்' கொட்டினான். "பாஸ்வேர்டு சொல்லுங்கம்மா, போட்டுடலாம்."

"எனக்கு ஏது? அவர் என்னிக்கோ ஒரு தரம் போட்டது. அதுவா வந்துக்கிட்டிருந்துச்சு."

அவனுக்குச் சுருக்கென்றது. ரீசெட் அடித்ததில் சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் அழிந்திருக்கும். செத்துப்போனவர் கையால் போட்டதை அவன் ஒரு தட்டில் துடைத்துவிட்டான்.

"பரவாயில்லம்மா, மோடத்துக்கு அடியில இருக்கும். எங்க வச்சிருக்கீங்க?"

"மோடமா? அவர் போனதுமே கனெக்‌ஷனை நிறுத்திட்டேன். பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களே தம்பி. அப்புறம் ஒருநாள் காலையில சும்மா லேப்டாப்பைத் திறந்தேன். அவரே வந்து நின்னார்."

மெக்கானிக்கின் விரல்கள் தாமாகவே கீபோர்டை விட்டு விலகின. சிக்னல் முழுசாக இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான், சிக்னல் இறங்கியது. வாசலுக்குப் போனான், இன்னும் இறங்கியது. மேஜைக்குத் திரும்பியதும் மறுபடி முழுசாக எழுந்து நின்றது. மேஜை ஒரு சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுத்துப்போன ஈரக்கறை.

"ஜன்னல் இருக்கும்போது இந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு ஏம்மா உட்கார்றீங்க?"

"இங்கதான் அவர் நல்லா வர்றார்."

"தினமுமா?" அவன் குரல் தானாக இறங்கிவிட்டது.

"தினமும்தான். போன மாசம் நடுவுல கொஞ்ச நாள் காணோம். எங்கயாவது போயிருப்பார்னு விட்டுட்டேன்."

பிறகு சுவரைப் பார்த்தபடி, எதிரே நிற்பவனுக்குத் தேவையில்லாத அளவு உரக்கச் சொன்னாள்: "பாஸ்வேர்டு இல்லாம நான் என்ன பண்ணுவேன்? டாக்டருங்க பேசி அனுப்புறதை டைப் அடிச்சு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். இல்லேன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டு அக்கா வீட்டுல போய் ஒண்டிக்க வேண்டியதுதான்."

சுவருக்குள் எதுவோ நகர்ந்த ஓசை மெக்கானிக்கின் காதில் விழுந்தது. அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வண்டியில ஒரு ஒயர் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று கடவுளை நினைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

பக்கத்து வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் கையசைத்தார். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

"கண்ணாடி எங்கே-க்குப் பாஸ்வேர்டு வேணுமா?"

"உங்களுக்கு எப்படி..."

"என் வீட்டு மோடம்தான்யா அது. அவன் வச்ச பேரையும் அவன் வச்ச பாஸ்வேர்டையும் அப்படியே போட்டு வச்சிருக்கேன். ஒரு காலத்துல என் வீட்டு நெட் போச்சுன்னா அவன்தான் குடுப்பான். அப்புறம் என் தண்ணித் தொட்டி வழிஞ்சு அவன் சுவர் நனைஞ்சுது. பேச்சு தடிச்சுது. அவன் சாவுக்குக்கூட நான் வாசப்படி ஏறல." அவர் கேட்டுக் கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு மேல போனா அவன் முகத்துல முழிக்கணும்ல."

"அவங்ககிட்டச் சொல்லிடலாமே ஐயா. புருஷன் வர்றார்னு நம்பிக்கிட்டு இருக்காங்க."

"நம்பட்டும். நான்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு நாளைக்கே வேண்டாம்னு ஒதுக்கிடும். ரொம்ப ரோஷக்காரி. போன மாசம் மக வீட்டுக்குப் போறப்போ மறந்துபோய் மெயினை அணைச்சுட்டேன். அங்க எனக்குச் சோறு இறங்கல."

மெக்கானிக் திரும்பி வந்து பாஸ்வேர்டைப் போட்டான். எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். 'கண்ணாடி எங்கே' இணைந்தது.

"ஐயாதான் மனசு வச்சிருக்கார்மா" என்றான், பொய்யும் மெய்யுமாக. "பாஸ்வேர்டை எழுதி வச்சுட்டுப் போகவா?"

"வேண்டாம் தம்பி. அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். வாசல்வரை வந்தாள். பக்கத்து வீட்டுக் கேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அன்று முதல்முறையாகக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு அந்த அண்ணன்கிட்டச் சொல்லிடாதப்பா. ரொம்ப ரோஷக்காரர்."