திருவிருந்துக்கு எழாதவன்

ஜோசுவா மூன்று மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. ஆம்பூரில் அந்தச் சபை முழுக்க இது தெரிந்துபோயிற்று.

தெரியாமல் எப்படி இருக்கும்? அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போவார்கள். ஜோசுவா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விடுவான். கோயிலுக்கே வராதவனைக்கூட ஊர் மறந்துவிடும். வந்து உட்கார்ந்துகொண்டு எழாதவனை மறக்குமா?

குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்றார்கள். நாட்றம்பள்ளிப் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது என்றார்கள். பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி குழாயடியில் அவன் மனைவி ஹெலனிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இன்னா ஹெலன், உன் வீட்டுக்காரருக்குக் கோவம் கர்த்தர் மேலயா, உன் மேலயா?"

ஹெலன் சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் போனது.

இத்தனை நாள் பொறுத்தவளுக்கு இந்த வாரம் பொறுக்கவில்லை. நாளைக்கு மகள் பெனிலாவுக்குத் திடப்படுத்தல். முதல்முதலாகத் திருவிருந்து எடுக்கும் பிள்ளைக்கு ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் தகப்பனும் முழங்கால் போட்டு, மூவரும் சேர்ந்து வாங்குவது அந்தச் சபை வழக்கம். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் காலியாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "அப்பா வருவாராம்மா?" என்று அந்தப் பெண் தினமும் கேட்கிறாள். அப்பாவிடம் கேட்கப் பயம்.

ஹெலன் கணவனிடம் கெஞ்சிப் பார்த்தாள். சண்டை போட்டாள். இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். "பாக்கலாம்" என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

திருவிருந்து எடுக்கிறவர்கள் சனிக்கிழமையே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணி வரை அவன் அசையவில்லை. ஹெலன் செருப்பை மாட்டிக்கொண்டு போய், போதகரையே கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

போதகர் ஜோசுவாவைவிட வயதில் சின்னவர். நாற்காலியில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். தோல் கம்பெனியில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். ஹெலனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. குடியோ, பொம்பளையோ, எதுவானாலும் இன்றைக்கு வெளியே வந்துவிடட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"நாளைக்கு வந்துருங்க அண்ணே," என்றார் போதகர். "புள்ள முகத்துக்காகவாவது."

"மனசாட்சி விடலைங்க ஐயா."

பிறகு ஜோசுவா தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். போன வருஷம் தோல் சீவும் மெஷினில், கூட வேலை செய்த வாஹித் பாஷாவின் வலது கை போய்விட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பியை, வேலை வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே கம்பெனி ஆட்களே கழற்றிவிட்டிருந்தார்கள். விசாரணையில், வாஹித்தே அன்று காலை அதைக் கழற்றினான் என்று எழுதி வைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்தேன் என்று அதன் கீழே கையெழுத்துப் போட்டது ஜோசுவா. வாஹித்துக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை என்று ஆகிவிட்டது.

"மூணு மாசம் முன்னாடி அவனைப் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேங்க. வண்டிக்கு டோக்கன் குடுத்துக்கிட்டிருந்தான், இடது கையால. திட்டட்டும்னுதான் கிட்டப் போய் நின்னேன். 'உனக்கும் பொண்ணு இருக்குல்ல தோஸ்த்'னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தான். அதுக்கப்புறம் எந்த வாயால ஐயா நான் அந்தக் கிண்ணத்தைத் தொடறது?"

டீத் தம்ளரோடு வந்த ஹெலன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த விசாரணை, அந்தக் கையெழுத்து, எல்லாம் அன்றைக்கே முடிந்துபோன சமாச்சாரம் என்று அவள் மறந்தே போயிருந்தாள்.

உண்மையை இப்போதாவது எழுதிக் கொடுக்க முடியாதா என்று போதகர் மெதுவாகக் கேட்டார். திங்கட்கிழமை தொழிலாளர் ஆபீசுக்குப் போகத்தான் லீவு சொல்லியிருக்கிறேன் என்றான் ஜோசுவா. வேலை போனால் போகட்டும், அதை முடித்துவிட்டு வந்துதான் முழங்கால் போடுவேன், பிள்ளையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான்.

"சரிங்கண்ணே. ஆனா அன்னைக்கு யாராவது மிரட்டுனாங்களா? யார் பேச்சைக் கேட்டு அப்படிப் போட்டீங்க?"

ஜோசுவா முதல் முறையாக நிமிர்ந்தான். அடுப்படிப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"யாரும் இல்லைங்க ஐயா. நானாத்தான் போட்டேன்."

ஹெலன் தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அவரு இப்ப சொன்னது ரெண்டாவது பொய்ங்க ஐயா. மொதப் பொய்யைச் சொல்லிட்டு வாங்கன்னு டிபன் கட்டிக் குடுத்து அனுப்புனவ நான்தான்."