நாலாவது மாடி மீட்டர்

“மூணு லைட்டு, ரெண்டு ஃபேன், பாத்ரூம்ல கீசர். வீட்டுல இருக்கிறது நீங்க ஒருத்தர். இத்தனையும் யாருக்கும்மா ஓடுது?”

வாசலில் நின்றபடியே யூனிட் சார் எண்ணி முடித்துவிட்டார். கதவைத் திறந்த தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு, “மறந்துட்டேன் சார்” என்றார்.

யூனிட் சார் என்பது அடுக்குமாடிக்காரர்கள் வைத்த பெயர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பது, தனிக்கட்டை. லோடு தாங்காமல் வாரத்துக்கு இரண்டு தடவை ஃபியூஸ் போய், லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொள்ள ஆரம்பித்ததும் சங்கம் கூடியது. எல்லா வீட்டிலும் மின்சாரத்தைக் குறைப்பது என்று முடிவாயிற்று. வீடு வீடாகப் போய்ச் சொல்லும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அன்று முதல் அவர் லிஃப்டைத் தொடுவதில்லை. எந்த மாடியானாலும் நடைதான்.

மற்ற வீடுகளில் இரண்டு நிமிஷம். ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் இந்த அம்மாவின் வீட்டில் மட்டும் அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு தப்பு இருந்தது.

“கீசர் எப்போ போட்டீங்க?”

“காலையில ஆறு மணிக்கு.”

“இப்போ மணி பதினொண்ணு.” உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். கை சில்லிட்டது. “என்னம்மா இது, பச்சைத் தண்ணியால்ல வருது? காயில் போயிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கழட்டிப் பார்க்கிறேன்.”

“உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்” என்றார் தையல்காரம்மா. வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்குரூ டிரைவரோடு போனார். காயில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை டிவியும் ஆளில்லாத அறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. யூனிட் சார் பொறுமை இழக்காமல் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, ‘வெளியே போகும்முன் அணைக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒட்டினார்.

தையல்காரம்மா அதை நிதானமாக வாய்விட்டுப் படித்தார்.

“யாரை சார்?”

“லைட்டை” என்றார் யூனிட் சார். காது மடல் சுட்டது. கிளம்பிப் படியிறங்கினார். அவர் வீடு இரண்டாவது மாடி. தரைத்தளத்தில் யாருடைய ஸ்கூட்டர் பக்கத்திலோ போய் நின்ற பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

மூன்றாவது ஞாயிறு இரண்டு தடவை சவரம் செய்துகொண்டு, புதுச் சட்டையில் போனார். அன்று லைட்டே நாலு எரிந்தது.

“போன வாரத்துக்கு ஒண்ணு கூடியிருக்கே” என்றார். கோபப்படத்தான் பார்த்தார், வரவில்லை.

“நீங்க சொல்லச் சொல்லத்தான் சார் கொஞ்சம் கொஞ்சமா மண்டையில ஏறுது.”

“அப்போ அடுத்த வாரமும் வர்றேன்.”

“வாங்க. எனக்கு ஒரு தடவை சொன்னா பத்தாது.”

நாலாவது ஞாயிறு சங்கக் கூட்டம் வந்துவிட்டது. மாசம் முழுக்க யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று மீட்டர் பட்டியலை வாசிக்கப்போகிறார்கள். யூனிட் சாருக்குக் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. நாற்பது குடும்பத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் மானம் போய்விடுமே.

நல்லவேளை, அவசர ஆர்டர் என்று தையல்காரம்மா கூட்டத்துக்கு வரவில்லை. யூனிட் சார் செயலாளரை ஓரமாக அழைத்துப் போனார். செயலாளர் ஓய்வுபெற்ற நர்ஸ். எதையும் முகத்துக்கு நேரே கேட்பவர்.

“மேடம், தையல்காரம்மா வீட்டை மட்டும் வாசிக்காம விட்டுடுங்க.”

“ஏன்?”

“பாவம், தனியா இருக்கிறவங்க. நான்தான் புரியும்படியாச் சொல்லித்தரலை. தப்பு என்மேல.”

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உடம்புக்கு ஏதும் பண்ணுதா? முகமெல்லாம் வேர்த்திருக்கே” என்று கேட்டுவிட்டுப் போய், பட்டியலைக் கையில் எடுத்தார்.

“இந்த மாசம் எல்லாரையும்விடக் குறைச்சல், நாற்பத்தோரு யூனிட். நாலாவது மாடி, தையல்காரம்மா.”

எல்லோரும் கைதட்டினார்கள். யூனிட் சாருக்கு மட்டும் கை எழவில்லை. அத்தனை லைட்டு, அத்தனை ஃபேன், டிவி, கீசர். எப்படிக் கூட்டினாலும் நாற்பத்தொன்று வராது. மீட்டர் செத்துப்போய்விட்டது, வேறொன்றுமில்லை. அதை உடனே போய்ப் பார்த்தாக வேண்டும். பார்க்க இன்னும் நாலைந்து ஞாயிறுகூட ஆகலாம். அந்த நினைப்பிலேயே உடம்பு பஞ்சாகி, கால் தன்பாட்டுக்கு லிஃப்டுக்குள் போய்விட்டது.

நாலாவது மாடியில் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரு லைட்டும் எரியவில்லை. ஃபேன் நின்றிருந்தது. டிவி ஊமையாக இருந்தது. ஜன்னலோரம் வெயில் வெளிச்சத்தில் தையல்காரம்மா கால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்தார். மெஷின் நின்றது. கை அவசரமாகச் சுவிட்ச் போர்டுப் பக்கம் போய், பாதியிலேயே திரும்பிவிட்டது. இனிமேல் போட்டுப் பயனில்லை.

யூனிட் சார் பழக்கத்தில் லைட்டுகளை எண்ணப் பார்த்தார். எண்ண ஒன்றுமில்லை.

தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னார்:

“லிஃப்ட்ல வருவீங்கன்னு யாரு கண்டா? படியில சத்தம் கேட்டிருந்தா, வழக்கம்போல எல்லாத்தையும் போட்டு வச்சிருப்பேனே.”